தண்ணீர் ஏறாத படங்கள்

மக்களே,

நேற்று போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, "கருவாடு பொதிஞ்சு வச்சிருக்கேன், எல்லையில பெட்டிய திறந்து பாப்பாங்களான்னு கேளுங்க" என்று மறுபடி மறுபடி சொன்னதில் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ஓமனில், சோஹாரில் புது வேலை, தொழிற்பேட்டைக்குப் பின்னால் தேங்கி நிற்கும் ஒரு உப்புக் குட்டையை மாதம் ஒரு தடவை படம் எடுத்து அனுப்பவேண்டும், அது அந்த வேலையிலேயே ரொம்ப ஈஸியான பகுதி என்று நீ சொன்னாய். "ஒரு குளத்தைப் படம் எடுக்கறதுல அப்படி என்னப்பா இருக்கு, போய் நின்னு கிளிக் பண்ண வேண்டியதுதானே?" என்று கேட்டாய். நம் ஹாலில் மாட்டியிருக்கிற பூநாரைப் படத்தைப் பார்த்து வளர்ந்தவள் நீ, அப்படித்தான் கேட்பாய். அந்தப் படத்துக்குப் பின்னால் நடந்ததெல்லாம் நீ கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்த காலத்தில் நடந்தது. லீவுக்கு வந்தபோதும் நாங்கள் சொல்லவில்லை. இப்போது நீயும் அதே வேலைக்குப் போகிறாய் என்பதால் எழுதுகிறேன்.

அந்தப் படத்தில் இருக்கிற ஏரிக்கு வரைபடத்தில் பெயர் கிடையாது. நீ வண்டி ஓட்டிப் போகப்போகிற ஓமன் எல்லைச் சாலையில், மணல்மேடுகள் சிவக்கத் தொடங்கும் இடத்தில், இடதுபுறம் ஒரு மண்பாதை பிரியும். அதன் கடைசியில் இருக்கிறது. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊர்கள் பெருத்த வேகத்தில், வீடுகளிலிருந்து வெளியேறும் கழிவுநீரும் பெருத்தது. சுத்தம் செய்த நீரைப் பூங்காக்களுக்கும் சாலையோர மரங்களுக்கும் விட்டார்கள். மரங்கள் குடித்தது போக மிஞ்சியதைக் குழாய் வழியாக மணல் பள்ளத்தில் விட்டார்கள். கொஞ்ச நாளில் நாணல் முளைத்தது, அப்புறம் பறவைகள் வந்தன. நான் முதலில் போனது ஒரு சின்னச் செய்திக்காக. பாலைவனத்தில் அத்தனை தண்ணீரைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. பருவத்துக்கு ஒரு தடவை போய்ப் படம் எடுத்துவைத்தால் ஓர் ஏரி உண்டாகும் கதையைப் பிற்காலத்தில் முழுதாகச் சொல்லலாம் என்று நான் போட்டோகிராஃபராக இருந்த துபாய் பத்திரிகையில் அனுமதி வாங்கினேன். ஆபீஸ் முழுக்க டிஜிட்டலுக்கு மாறியபிறகும் இந்த ஏரிக்கு மட்டும் என் பழைய ஃபிலிம் கேமராவையே எடுத்துப்போனேன். வெயிலில் உப்புக் கரை வெள்ளையாகப் பளபளக்கும். காற்று திரும்பினால் முகத்தைச் சுளிக்கவைக்கும் ஒரு வாடை அடிக்கும். படத்தில் வாடை வராது என்பது எனக்கு அப்போது வசதியாகவே இருந்தது.

ஏரிக்கு இந்தப் பக்கம் ஒரு பேரீச்சந்தோட்டம். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் முத்தையா. சிவகங்கைப் பக்கத்து ஆள், என்னைவிடப் பத்து வயது இளையவர் இருக்கும். ஆட்கள் நடமாட்டம் இல்லாத இடத்தில், நாலைந்து ஆடுகளும் ஒரு மோட்டார் அறையுமாகத் தனியாக இருந்தார். தமிழில் பேச ஓர் ஆள் கிடைத்ததே அவருக்குப் பெரிய விஷயம். நான் போனால் தேயிலை கொதிக்கும். கிளம்பும்போது ஒவ்வொரு தடவையும், பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரி, தோட்டத்துக் கேட்டுக்கு நடுவில் வந்து நிற்பார். வளைவு வைத்து, நீல ஓடு பதித்த தூண்களோடு அழகாகக் கட்டிய கேட் அது. அதன் வழியாகப் பார்த்தால் தூரத்தில் ஏரி தெரியும். "கேட்டும் வரணும், பின்னாடி ஏரியும் வரணும் சார். நாம என்னமோ பொட்டக்காட்டுல கெடக்குறதா நெனச்சுக்கிட்டிருக்கா" என்பார். ஊரில் இருக்கும் மனைவிக்கு அனுப்ப. இரண்டாவது வருஷத்திலிருந்து அந்தக் கோரிக்கையோடு இன்னொன்றும் சேர்ந்தது. "காலு தெரியாம குடுங்க சார். முட்டிக்கு மேல போதும்." அப்போது கேட்டடியில் தரை கசியத் தொடங்கியிருந்தது, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். நானும் துபாய் சத்வாவில் ஒரு ஸ்டுடியோவில் பிரின்ட் போடும்போது கீழ்ப்பகுதியை வெட்டச் சொல்லிவிடுவேன்.

அதில் எனக்கு எந்த விகற்பமும் தோன்றவில்லை. நம் வீட்டுப் படங்களும் அப்படித்தானே. நீ நாலாம் வகுப்பு படிக்கும்வரை நாம் ஒரு ஃபிளாட்டை இன்னொரு குடும்பத்தோடு பங்கு போட்டுக்கொண்டு இருந்தோம். நம் பாதிக்கும் அவர்கள் பாதிக்கும் நடுவில் பிளைவுட் தடுப்பு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நட்சத்திரத்துக்குக் கீழே உன்னை நிறுத்திப் படம் எடுக்கும்போது அந்தத் தடுப்பு வராத கோணமாகப் பார்த்து அம்மா என்னை நகர்த்துவாள். மணக்குடியில் உன் அம்மா வீட்டில் இன்றைக்கும் அந்தப் படங்கள் சுவரில் இருக்கின்றன. எங்கள் பிள்ளை பெரிய ஹாலில் வளர்ந்தாள் என்று அங்கே எல்லோரும் நம்புகிறார்கள். வளைகுடாவிலிருந்து ஊருக்குப் போகிற படங்களில் பாதி இந்த மாதிரிதான். இதைப் பொய் என்று யாராவது சொன்னால் நீ உடனே தலையாட்டிவிடாதே. பார்க்கிறவர்கள் நிம்மதியாகத் தூங்கட்டும் என்றுதான் எல்லோரும் இதைச் செய்தோம்.

நாலாவது வருஷக் குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக வந்திறங்கின. நான் எடுத்த படத்தைப் பத்திரிகையில் பக்கம் முழுக்கப் போட்டார்கள். "பாலைவனத்தின் இளஞ்சிவப்புப் பரிசு" என்கிற மாதிரி ஒரு தலைப்பு. ஆபீஸில் கைகுலுக்கினார்கள். நீயும் ஹாஸ்டலிலிருந்து பேசினாய். அடுத்த வாரம் முத்தையா பேசினார். குரல் சரியில்லை.

"சார், உங்க பேப்பர வச்சே என்னைய அடிக்கிறாய்ங்க சார்."

தோட்ட முதலாளியை அங்கே அர்பாப் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வயதானவர். முட்டியில் ஆபரேஷன் செய்துகொண்டு நெடுநாள் தன் மகன் வீட்டில் இருந்துவிட்டு, அந்த வாரம்தான் தோட்டத்துக்கு வந்திருக்கிறார். வந்து பார்த்தால் ஏரிப் பக்கத்து வரிசைகளில் பேரீச்சை மட்டைகள் காய்ந்து தொங்குகின்றன. கேட்டடியில் தண்ணீர் நிற்கிறது. அவர் அப்பா கையால் நட்ட மரங்கள் அவை. முத்தையா வால்வைத் திறந்துவிட்டுத் தூங்கிவிட்டார், வேரெல்லாம் அழுகிவிட்டது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். முத்தையா, ஏரி ஏறி வந்துவிட்டது, நீங்கள் மகன் வீட்டில் இருந்தபோதே போனில் சொன்னேனே என்று சொல்லியிருக்கிறார். அர்பாபின் மகன் என் பூநாரைப் பக்கத்தைக் கொண்டுவந்து விரித்து, ஏரி எப்போதும்போல அழகாகத்தான் இருக்கிறது, பேப்பரில் பார் என்று சொல்லியிருக்கிறார். நோன்புப் பெருநாள் முடிந்ததும் விசா கேன்சல். வேறு கஃபீலிடம், அதாவது விசா தரும் வேறு முதலாளியிடம், போகவும் கையெழுத்துக் கிடையாது. மரத்தைக் கொன்றவன் என்ற பெயரோடு ஊர் திரும்பவேண்டும்.

"நீங்கதான நாலு வருசமா இந்தத் தண்ணிய படம் எடுத்தீங்க. வந்து காட்டுங்க சார், அது போதும்" என்றார்.

போதும் என்றுதான் நானும் நினைத்தேன். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்தபிறகு, ஏரிப் படங்களை எல்லாம் வரிசைப்படுத்தி எடுத்துக்கொண்டு போனேன். அர்பாப் தோட்டத்து மஜ்லிஸில், விருந்தினரை உட்காரவைக்கும் அறையில், கம்பளத்தின்மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். காவா என்கிற அரபுக் காப்பியை ஊற்றிக் கொடுத்தார், பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளினார். முத்தையா வாசலிலேயே நின்றார். நான் முதல் வருஷத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கம்பளத்தில் பரப்பினேன். நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போகிறவனின் மிடுக்கு எனக்கு இருந்திருக்கவேண்டும். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு படத்தையும் கையில் எடுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, நிதானமாகப் பார்த்தார். "ஜெய்ன், ஜெய்ன்," நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"யே பஹ்லே, யே அபி. பானி சேம் சேம்," என்றார் அரைகுறை இந்தியில். முன்னால் எடுத்ததும் இப்போது எடுத்ததும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன என்று. கோபமாகச் சொல்லவில்லை. என்மேல் கொஞ்சம் பரிதாபப்பட்டுச் சொன்னதுபோல இருந்தது.

நான் குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. எல்லாப் படத்திலும் கரை அதே இடத்தில், படச் சட்டத்தின் கீழ்ப்பகுதியில், அதே வளைவோடு கிடந்தது. அதற்குமேல் தண்ணீர், அதற்குமேல் வானம். தண்ணீர் ஒரு விரல் அளவும் ஏறியிருக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வேறு ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள் என்று அர்பாப் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். முத்தையா வண்டிவரை கூடவே வந்தார்.

அப்படி ஆனது எப்படி என்று வரும் வழியில், பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி யோசித்தபோதுதான் பிடிபட்டது. முதல் தடவை கரைக்குச் சற்று மேலே நின்று எடுத்தேன். அடுத்த தடவை நான் நின்ற இடத்தில் ஈரம். ஷூ நனையாமல் பின்னால் வந்தேன். வியூஃபைண்டரில் பார்த்தால் முந்தைய படத்தைப்போலவே அழகாக இருந்தது, எடுத்தேன். அதற்கடுத்த தடவை இன்னும் கொஞ்சம் பின்னால். கரையைச் சட்டத்தின் கீழ்ப்பகுதியில் விழவைப்பது படம் எடுப்பவனின் கைப்பழக்கம். அதைச் செய்ய மூளை தேவையில்லை. ஏரி என்னை நோக்கி வந்துகொண்டே இருந்தது, நான் அதற்குச் சமமாகப் பின்வாங்கிக்கொண்டே இருந்தேன். உன் குட்டையின் ஓரத்தில் முதல் நாளே ஓர் இரும்புக் கம்பியை நட்டுவிடு. அடுத்த மாதம் அந்தக் கம்பி தண்ணீருக்குள் போயிருந்தால், நீயும் தண்ணீருக்குள் இறங்கி அங்கேயே நில். படம் அசிங்கமாக வரும். வரட்டும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்து, யூனிஃபார்ம்கூட மாற்றாமல் காலை ஸ்டூலில் தூக்கிவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"நாலு வருசம் எடுத்த படத்துல ஒண்ணுமே இல்லியா? நல்ல போட்டோகிராஃபர்தான்" என்றாள். பிறகு, "அந்த அண்ணன் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி எடுப்பீங்களே, அந்தக் கேட்டுப் படம், அதுல பாத்தீங்களா?"

"அது அவரு படம்லா. ஏரிப் படம் இல்லியே. காலையும் வெட்டிக் குடுத்தாச்சு."

"பிரின்டுலதான வெட்டுனீங்க? நெகட்டிவ்ல காலு எங்க போவும்?"

மறுநாள் ஸ்டுடியோ திறக்குமுன்பே போய் நின்றேன். வெட்டாமல் முழுசாகப் போட்ட பிரின்ட்களைக் கவுண்டரில் வரிசையாக வைத்தபோது, ஸ்டுடியோக்காரரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கேட்டுக்கு என் அளவு அழகுணர்ச்சி கிடையாது, அது பின்வாங்கவில்லை. முதல் படத்தில் முத்தையாவின் செருப்புக்குக் கீழே காய்ந்த மணல், ஏரி தூரத்தில் ஒரு கோடு. பிறகு கோடு பட்டையானது. பிறகு அவர் கால்மாட்டில் மண் கறுத்தது, தூணடியில் உப்புப் பூத்தது. அப்புறம் பூட்ஸ். அப்புறம் ஒரு மரப்பலகைமேல் நின்றார். கடைசிப் படத்தில் இரண்டு சிமென்ட் கல்லை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, அதன்மேல் கால்களைச் சேர்த்து வைத்து, விழுந்துவிடாமல் நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் தண்ணீர், நீல ஓட்டில் ஒரு வரிசை மூழ்கியிருந்தது. எல்லாவற்றிலும் அதே வெள்ளைச் சட்டை. எல்லாவற்றிலும் சிரிப்பு.

முத்தையாவிடம் போனில் சொன்னபோது அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "அர்பாப் பாக்கட்டும் சார். பேப்பர்ல மட்டும் வேணாம்" என்றார். "எங்கூர்ல துபாய் பேப்பர நெட்டுல பாக்குற பயலுக இருக்காய்ங்க. வீட்டுல அவகிட்ட ஏரிக்கர காத்து, ஏசி ரூமுன்னு சொல்லி வச்சிருக்கேன். நான் கல்லு மேல ஏறி நின்னது தெரிஞ்சா, சோறு எறங்காது அவளுக்கு." நான் வார்த்தை கொடுத்தேன். ஆபீஸில் எங்கள் பட ஆசிரியர் அந்தப் பிரின்ட்களைப் பார்த்துவிட்டு, முதல் பக்கம் என்று நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். தர முடியாது என்றேன். முகத்தை மறைத்துப் போடலாம் என்றார். அந்தச் சட்டையையும் அந்தக் கேட்டையும் அடையாளம் தெரிந்த ஒரு பெண் இருக்கிறாள் என்றேன். அவருக்குக் கோபம்தான். நல்ல மனிதர், அவருக்கு வேண்டியது உண்மை. ஆனால் அந்த உண்மையில் நின்றுகொண்டிருந்தது அவர் கால் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மஜ்லிஸில் நான் ஒன்றும் பரப்பவில்லை, விளக்கவும் இல்லை. கவரை அர்பாபின் கையில் கொடுத்தேன். அவர் இரண்டு படம் பார்த்தார். பிறகு ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து, படங்களோடு கேட்டுக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். தூணுக்கு நேராகப் படத்தைப் பிடித்து ஓட்டு வரிசைகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அடுத்த படம், மறுபடி விரல். கடைசிப் படத்தில் முத்தையா ஏறி நின்ற அந்த இரண்டு கற்கள் அப்போதும் தண்ணீருக்குள் அங்கேயேதான் இருந்தன.

"தும் போன் மே போலா," என்றார் முத்தையாவைப் பார்க்காமல். நீ போனில் சொன்னாய்.

"போலா அர்பாப். பஹுத் பார் போலா." சொன்னேன், பல தடவை சொன்னேன்.

"ஹம் சோச்சா, காம் சோர்." வேலைக்குச் சோம்பிச் சொல்கிறாய் என்று நினைத்தேன். தாடையை ஒரு தடவை தடவிக்கொண்டார். அப்பா நட்ட மரங்கள் போனதற்கு ஓர் ஆளைக் கோபித்துக்கொள்ள முடிந்தவரை அவருக்கு அது தாங்கக்கூடியதாக இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. கோபித்துக்கொள்ள இப்போது யாரும் இல்லை. படங்களை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கேன்சல் மாஃபி. கலாஸ்," என்றார். கேன்சல் இல்லை, முடிந்தது.

நான் விடைபெறலாம் என்று நினைத்தபோது, அவர் செருப்பைக் கழற்றினார். ஊன்றுகோலை முத்தையாவிடம் கொடுத்தார். வெள்ளைக் கந்தூரா அங்கியை முட்டிவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆபரேஷன் செய்த காலை மெதுவாக வைத்து, கேட்டுக்கு நடுவில் தண்ணீருக்குள் இறங்கினார். முத்தையா பதறிப்போய், "அர்பாப், பானி கந்தா, கந்தா," அழுக்குத் தண்ணீர் என்று கையைப் பிடிக்கப் போனார். அவர் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"யல்லா, சூரா. பைர் பி லேனா. பேப்பர் மே தேனா." படம் எடு, காலும் வரவேண்டும், பேப்பரில் போடு. முத்தையா படத்தைப் பேப்பரில் போடக்கூடாது என்று சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. முத்தையா சொன்னாரா என்று இன்றுவரை கேட்கவில்லை. ஷூவோடு இறங்கி எடுத்தேன்.

அந்தப் படம் வந்தது. முதல் பக்கத்தில் இல்லை, உள்ளே, ஒரு விளம்பரத்துக்கு மேலே. ஆனாலும் ஒரு முதியவர் தன் கேட்டில் வெறுங்காலோடு தண்ணீரில் நிற்பதை யாரும் அழகான காட்சி என்று சொல்ல முடியவில்லை. சில மாதம் கழித்து அதிகாரிகள் வந்து அளந்தார்கள், தோட்டத்தைச் சுற்றி வடிகால் வெட்டினார்கள். ஏரிப் பக்கத்து மரங்கள் பிழைக்கவில்லை, உள்வரிசைகள் பிழைத்தன. ஏரி இன்னும் இருக்கிறது, நீ போகும் வழியில் பார்க்கலாம். ஒரு படம் எடுத்து எல்லாவற்றையும் சரியாக்கினேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு மனிதர் வேலையில் தங்கினார், அவர்மேல் இருந்த பழி போயிற்று. அதுவும் நடக்காமல் போக இருந்தது.

பேப்பர் வந்த சில நாட்களில் முத்தையா கூப்பிட்டார். ஊரில் ஒரு பையன் அந்தப் படத்தை நெட்டில் பார்த்து, பிரின்ட் எடுத்து அவர் மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். உன் புருஷனோட முதலாளி பேப்பர்ல வந்திருக்காரு என்று பெருமையாகக் காட்டினானாம். அவள் சுவரில் மாட்டியிருந்த படங்களுக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்திருக்கிறாள். அதே கேட். அதே நீல ஓடு. உடனே போன்.

"என்ன கேட்டா தெரியுமா சார்? 'முதலாளியே கெண்டைக்கால் தண்ணியில நிக்கிறாரே, அப்ப நீங்க இம்புட்டு நாளா எதுல நின்னீங்க'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல. எல்லாத்தையும் சொன்னேன். பூட்ஸு, பலக, கல்லு, எல்லாத்தையும். ரூமுல ஏசி இல்லேங்கிறத முதக்கொண்டு. ஒரு பாட்டம் அழுதா. அப்பறம் பாத்தா அவ சொல்ல ஆரம்பிச்சுட்டா சார். நான் வந்த வருசமே வீட்டுல பின்சுவரு சரிஞ்சு விழுந்துருச்சாம். எனக்கு வருத்தமா இருக்கும்னு, அனுப்புற போட்டோவுல எல்லாம் பிள்ளைகள முன்சுவத்துப் பக்கமாவே நிறுத்தி வச்சு எடுத்திருக்கா." அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று போனில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "போன் கார்டு தீர்ற வரைக்கும் பேசினோம் சார். நான் இங்க வந்து அம்புட்டு நேரம் பேசினது அன்னைக்குத்தான்."

அப்பா